ஒழுக்கு

கொழுந்தன் வாங்கிய மூணு லட்சத்துக்கு
வட்டியும் வரவில்லை, முதலும் வரவில்லை.
மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துவிடலாமா என்று
நான் யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில்
வண்டி வந்தது.
டிராக்டர் இழுத்து வந்து
மீன்கரை ரோட்டுத் தோப்பில் விட்டுப் போன
சினிமாக்காரர்களின் பழைய கேரவன்.
"ஒரு பொட்டு ஒழுகாதுங் நங்கையா"
என்றான் குழந்தைவேலு,
சாவியை என் கையில் கொடுக்காமல்
தண்ணீர்த் தொட்டி விளிம்பில் வைத்து.

ஆனி பிறந்தது.
கணவாய்க் காற்று சாரலை வாரிக்கொண்டு வந்தது.
ஒப்பனைக் கண்ணாடியைச் சுற்றிப் பன்னிரண்டு பல்பு,
எரிவது நான்கு.
அந்த வெளிச்சத்தில் பார்த்தேன்:
கண்ணாடிக்கு முன்னால் கூரையில் ஒரு சொட்டு,
பெரிய நடிகையைப் போல
வருவதற்கு நேரம் எடுத்துக்கொண்டு.
போசியை வைத்துவிட்டுப் படுத்தேன்.
விடியும்வரை போசி எண்ணிக்கொண்டிருந்தது.

சொட்டுக்கு நேர் மேலே
ஓட்டையைத் தேடியது என் முதல் தப்பு.
இரண்டு டியூப் சிலிக்கான் அங்கேயே செத்தது.
டிங்கர் அபுதாகிர் ஏணியில் ஏறவே இல்லை.
"உள்ள வர்ற எடம் வேற, விழுகற எடம் வேற.
நடுவுல எங்கெங்க போச்சுன்னு
தண்ணியத்தான் கேக்கோணும்" என்று
டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை
நைட்டிக்கு மேல் வீட்டுக்காரர் சட்டையைப் போட்டு ஏறினேன்.
எனக்கு முன்னால் பயந்தவர்கள் எல்லோரும்
கூரைமேல் இருந்தார்கள்.
தார் ஷீட்.
அதற்கடியில் எம்சீல்.
அதற்கடியில் சைக்கிள் டியூப் ஒட்டு, தேங்காய் விழுந்த பள்ளம்.
பள்ளத்தை மூடி, குப்புறப் போட்ட ஒரு பிளக்ஸ்.
உரித்துத் திருப்பினால்
பூப்பு நன்னீராட்டு விழா, தேதி கிழிந்து,
பட்டுச் சேலையில் ஒரு சின்னப்பெண் சிரிக்கிறாள்.
எத்தனை மழையை முகத்தால் தடுத்தாளோ.
எரிக்க மனம் வரவில்லை.
மடித்து மட்டை அடுக்கில் வைத்தேன்.

உள்ளே டார்ச்சோடு குழந்தைவேலு.
கடன்காரனுக்கு ஏது ஞாயிறு.
குடத்தைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டேன்.
ஜன்னல் விளிம்பு. "வருதா?"
"வல்லீங்."
ஏசிப் பெட்டி மூலை. "வருதா?"
"வல்லீங் நங்கையா."
ஆன்டெனாவைப் பிடுங்கிய இடத்தில்
நாலு ஓட்டை, மூன்றில்தான் ஸ்குரு.
நாலாவதில் ஓர் எறும்பு
வீட்டுக்குப் போவதுபோல இறங்கிக்கொண்டிருந்தது.
அது போகட்டும் என்று இருந்து
அரைக் குடம் ஊற்றினேன்.
"இப்ப?"
பதில் வரக் கொஞ்சம் நேரமானது.
"வல்லீங்."

இறங்கிப் போய்ப் பார்த்தால்
போசி காய்ந்திருக்கிறது. தரை காய்ந்திருக்கிறது.
நாற்காலியில் குழந்தைவேலு.
வலது தோள் முழுக்க நனைந்து,
சட்டைப் பையில் பீடிக்கட்டு ஊறி,
கண்ணாடி வழியாக என்னைப் பார்க்கிறான்.
நான் பீடிக்கட்டைப் பார்த்தேன்.
"ஆன்டெனா ஓட்டைதான்" என்றேன்.
"ஆமாங்."
அப்புறம், டார்ச்சை அணைத்துவிட்டு,
"வண்டிய உங்ககிட்ட உடறப்பவே தெரியுமுங்."

பூச்சு காய இரண்டு நாள் வெயில் வேண்டும்.
மிளகாய் இல்லாமலே அம்மனிடம் கேட்டேன்,
ஒன்றரை நாள் கொடுத்தாள்.
துருவைத் தேய்த்து, நாலு ஓட்டைக்கும் ரிவெட் அடித்து,
வலைத்துணி வைத்து, வெள்ளை மூன்று கை.
எல்லாம் அவனே செய்தான்.
நான் கேட்காமல் மதியச் சோறு போனது,
அவன் கேட்காமல் ரசமும்.

குடம் இப்போது அவன் கையில்.
நான் நாற்காலியில், அண்ணாந்து.
ஆன்டெனாவிலிருந்து விளக்கு வயரைப் பிடித்து
அலமாரி முதுகில் ஊர்ந்து
பதினோரு அடி நடந்து வந்திருக்கிறது தண்ணீர்,
தடம் டீக்கறை நிறத்தில்.
தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது.
குடம் காலியாகும் சத்தம்.
"வருதுங்களா?"
கூரைக்கு அந்தப் பக்கம் அவன் மூச்சுகூடக் கேட்டது.
மூணு லட்சத்துக்கும் சேர்த்து
ஒரு நிமிஷம் காக்க வைத்தேன்.